எருக்கஞ்செடி விஷயமாக

அருகன் துணை

நாகபுரி
3-8-1968

காந்தா டீச்சருக்கு மதனவதி எழுதுவது.

உங்களை என் வீட்டில் குடிவைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை உங்களைப் பற்றி ஒரு குறை காதில் விழுந்ததில்லை. வீட்டுக்குள் பூண்டு, வெங்காயம் கூடாது என்றேன், சரி என்றீர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்றேன். அதற்கும் சரி என்றீர்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று இங்கே என் மகன் வர்த்தமானனிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று உங்கள் தெருக்கோடியிலிருந்து என் கொழுந்தனார் ஜினகுமாரின் கடிதம் வந்தது. "அண்ணி, உங்க வூட்டுத் தோட்டத்துல எருக்கு நிக்குது. தானா மொளைச்சது இல்ல. டீச்சரம்மாவே குழி வெட்டி நட்டு, தெனம் தண்ணி ஊத்திக்கினு இருக்குது" என்று எழுதியிருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். அதேதான் எழுதியிருந்தது.

ரோஜா வைத்திருந்தால் கேட்பேனா? முருங்கை வைத்திருந்தால்கூடக் கேட்கமாட்டேன். ஒருவன் குடும்பம் நாசமாகப் போகவேண்டுமென்றால் ஊரில் எப்படிச் சபிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்பார்கள். நீங்கள் அதற்குத் தண்ணீர் வேறு ஊற்றுகிறீர்கள்.

இதைப் பார்த்ததும் வேரோடு பிடுங்கி வேகவதிக் கரையில் போட்டுவிட்டு எனக்கு ஒரு கார்டு எழுதவும். கார்டே போதும். விளக்கம் வேண்டாம்.

மதனவதி


காமாட்சி துணை

திருப்பருத்திக்குன்றம்
10-8-1968

அம்மா அவர்களுக்கு, காந்தா வணக்கத்துடன் எழுதியது.

கார்டு போதும் என்றீர்கள். கார்டில் இடம் போதாது, மன்னிக்க வேண்டும்.

எருக்கு நட்டது உண்மை. மூன்று செடிகள். ஒன்று வெள்ளெருக்கு, அது பிள்ளையாருக்கு உகந்தது, வீட்டில் இருக்கலாம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். உங்கள் பக்கத்தில் பிள்ளையார் கணக்கில் வரமாட்டார் என்பது எழுதிய பிறகுதான் தோன்றுகிறது. எழுதிய வரியை அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே விட்டுவிடுகிறேன்.

பங்குனியில் எனக்கு டைபாய்டு வந்தது உங்களுக்குத் தெரியாது. நாற்பது நாள் பின்கட்டு அறையில் படுத்திருந்தேன். முதல் வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். தொற்று என்று தெரிந்தபின் யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு மணியம்மாள் கஞ்சியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுக் குரல் மட்டும் கொடுப்பார். சென்னையில் இருக்கும் அண்ணன் மணியார்டர் அனுப்பினான். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் கிணறு, துவைக்கிற கல், கட்டாந்தரை. அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் ஒரு பட்டாம்பூச்சி வந்து கிணற்றடி ஈரத்தில் உட்கார்ந்தது. செங்கல் நிறம், ஓரத்தில் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சிரிக்காதீர்கள், அழுதுவிட்டேன்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் இதே வேலையாக இருக்கிறேன். செண்டுப்பூ, இட்லிப்பூ, தேள்கொடுக்கு எல்லாம் வைத்தேன். ஒரு பழைய தாம்பாளத்தில் ஈரமணல் போட்டு வைத்தேன். வந்தன, தேனைக் குடித்தன, போய்விட்டன. விருந்தாளி மாதிரி. அவை நம் தோட்டத்திலேயே குடியிருக்க வேண்டுமென்றால் அவற்றின் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். நான் பார்த்த அந்தச் செங்கல் நிறப் பூச்சி இந்தப் பக்கத்தில் எருக்கில்தான் முட்டையிடுகிறது. நான் என்ன செய்வேன்? அது மல்லிகையில் முட்டையிட்டிருந்தால் மல்லிகையை வைத்திருப்பேன்.

உங்கள் கடிதம் கண்டதும் பிடுங்கத்தான் போனேன். இலைகளைத் திருப்பிப் பார்த்தால் பத்தொன்பது புழுக்கள் இருக்கின்றன. செடியைப் பிடுங்கினால் பட்டினியில் செத்துப்போகும். சாவியைக் கொடுக்கும்போது, "இந்த வூட்ல எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது" என்று சொன்னீர்கள். அதனால் "புழுவோடு பிடுங்கு" என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பிடுங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
காந்தா

பி.கு: சமையலறையில் ஓடு உடைந்து ஒழுகுவது பற்றி ஆனியில் இரண்டு கடிதம் போட்டிருந்தேன்.


நாகபுரி
18-8-1968

காந்தா டீச்சருக்கு,

உங்கள் சாமர்த்தியம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் நான் இந்த உடம்பில் பட்டு கட்டியதில்லை. கல்யாணத்துக்கும் நூல்புடவைதான். கூட்டுக்குள் இருக்கிற புழுவைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்கிற நூல் நமக்கு வேண்டாம் என்று என் அப்பா சொன்னார். ஊரே பட்டு நெய்கிறது, எங்கள் சனத்திலேயே எல்லோரும் கட்டுகிறார்கள், நான் மட்டும் ஐம்பத்தெட்டு வயது வரை கட்டாமல் இருக்கிறேன். என்னைப் போய் "புழுவோடு பிடுங்கு" என்று எழுதச் சொல்கிறீர்கள்!

எத்தனை நாளில் பறக்கும்? அதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தொன்பதும் பறந்து போகட்டும். மறுநாளே செடியை எடுத்துவிட வேண்டும்.

டைபாய்டு வந்ததை ஏன் எனக்கு எழுதவில்லை? அவ்வளவு தூரத்திலா இருக்கிறேன்? சரி, தூரத்தில்தான் இருக்கிறேன். இருந்தாலும் எழுதியிருக்கலாம்.

மதனவதி


திருப்பருத்திக்குன்றம்
15-9-1968

அம்மா அவர்களுக்கு,

பத்தொன்பதில் பதினேழு பறந்துவிட்டன. ஒன்றைப் பல்லி கொண்டுபோயிற்று. ஒன்று கூட்டிலேயே கறுத்துவிட்டது. கூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எழுத வேண்டும். வெளிர்பச்சையில், பொன்புள்ளி வைத்து, ஜிமிக்கி மாதிரி தொங்கும். பறக்கிற அன்று காலையில் உள்ளே இருக்கிற இறக்கை அப்படியே வெளியே தெரியும். ஆறாம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேரை அழைத்துவந்து காட்டினேன். கூட்டிலிருந்து வெளியே வந்து இறக்கை காய்வதற்காகத் தொங்கிக்கொண்டிருந்ததை, மூச்சுவிடாமல் நின்று பார்த்தார்கள். வகுப்பில் இப்படி ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

நீங்கள் சொன்னபடியே 12ஆம் தேதி மண்வெட்டியோடு போனேன். கோபப்படாமல் மேலே படியுங்கள். பறந்த பூச்சிகள் திரும்பிவந்து முட்டை போட்டிருக்கின்றன. இலைக்கு ஒன்றாக, கடுகைவிடச் சிறியதாக. முட்டையை உயிர் என்று கொள்வதா, இல்லையா? உங்கள் சமயத்தில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதவும். நீங்கள் எழுதுவதற்குள் அவை புழுவாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். மணியம்மாள் வீட்டு எலுமிச்சைக் கன்றில் வேறொரு ஜாதிப் புழு வந்திருக்கிறது. "ஏம்மா டீச்சரு, நீ பூச்சி வளக்கறதுக்கு என் எலுமிச்சதான் கெடைச்சுதா? மொட்டையா நிக்குது பாரும்மா" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கத்துகிறார். அதை நான் அழைக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். கஞ்சி கொடுத்தவர் என்பதால் பதில் பேசாமல் இருக்கிறேன்.

இரண்டாவது, உங்கள் கொழுந்தனார் போன வாரம் கயிறோடு வந்து தோட்டத்தை நீளம் அகலம் அளந்துகொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். "உனுக்கு இன்னாத்துக்குமா அது?" என்றார். உங்களுக்குத் தெரிந்துதான் நடக்கிறதா?

ஓடு இன்னும் மாற்றவில்லை. ஐப்பசி வரப்போகிறது.

காந்தா


நாகபுரி
23-9-1968

காந்தா டீச்சருக்கு,

போதும். முட்டை, புழு, கூடு, பூச்சி, மறுபடியும் முட்டை. இது முடிகிற கதையா? என் ஆயுசு முடிந்துவிடும் போலிருக்கிறது.

தோட்டத்தை எதற்கு அளந்தார் என்று நான் சொல்கிறேன். மாட்டுக்கொட்டகை போடுவதற்காக. என் கணவர் போன பதினாறாம் நாள், நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு கிளம்புகிறபோது, ஜினகுமார் தெருவில் நின்று நாலு பேர் காதில் விழச் சொன்னார்: "இனிமே இந்த வூட்ல எருக்குதான் மொளைக்கும். எனக்கே குடுத்துட்டுப் போங்க அண்ணி." முளைக்காது என்று காட்டத்தான் ஊர் பேர் தெரியாத உங்களைக் குடிவைத்தேன். விளக்கு எரிய வேண்டும், வாசலில் கோலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. நீங்கள் அவர் சொன்னதையே நட்டு வளர்த்திருக்கிறீர்கள்.

இப்போது அவர் வர்த்தமானனுக்கு எழுதியிருக்கிறார். "எருக்கு மொளைச்ச வூட்டை வெச்சிக்கினு இன்னா செய்யப் போறீங்க?" என்று. மகன் விற்றுவிடலாம் என்கிறான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதைத்தான் விரும்புகிறாள் என்று அர்த்தம். நான் இங்கே மூன்றாவது மாடியில் இருக்கிறேன். காலை வைக்க ஒரு சாண் மண் கிடையாது. அந்த வீடு போய்விட்டால் ஊர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? நீங்கள் யோசித்தீர்களா? உங்களுக்குப் பூச்சி பெரிதாகப் போய்விட்டது.

தை பிறப்பதற்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளவும். இதுதான் என் முடிவு.

மதனவதி


திருப்பருத்திக்குன்றம்
2-10-1968

அம்மா அவர்களுக்கு,

கொழுந்தனார் சொன்ன சொல் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆனால் ஒன்று, முதல் கடிதத்திலேயே இதை நீங்கள் எழுதியிருக்கலாம். "எருக்கு கெட்ட சகுனம்" என்று எழுதினால் நான் அறிவியல் டீச்சர், என் புத்தி அதை மறுக்கத்தான் பார்க்கும். "எனக்கு வலிக்கிறது" என்று எழுதியிருந்தால் வேறு மாதிரிப் படித்திருப்பேன்.

வீடு தேடுகிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் நாலு தெரு அலைந்தாயிற்று. முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, தனியாள் என்றதும் எல்லா வீடும் திடீரென்று நிரம்பிவிடுகிறது. ஒரு வீட்டில் அந்த அம்மா, "வீட்டுக்காரரு ஊர்ல இல்லாதப்ப நான் எப்டி முடிவு சொல்றது?" என்றாள். வீட்டுக்காரர் உள்ளே தறியில் உட்கார்ந்து நெய்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்கிறது.

நேற்று ஞாயிறு இல்லை, ஆனாலும் எனக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தேன். உங்கள் கொழுந்தனார் அரிவாளோடு தன் பண்ணையாள் துரைக்கண்ணுவை அழைத்து வந்தார். "நாளைக்கு எங்க வூடு ஆகப்போவுது. இப்பவே சுத்தம் பண்ணிடறேன்" என்றார். நான் தடுக்கவில்லை. செடியண்டை கூட்டிப்போய் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினேன். மூன்று செடியிலுமாக நாற்பத்தோரு புழுக்கள் இருந்தன. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிவரியாக. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அரிவாளைத் துரைக்கண்ணு கையில் கொடுத்து, "நீ வெட்டுடா" என்றார்.

துரைக்கண்ணு குனிந்து பார்த்தான். "இன்னா நயினாரே, நீங்க பண்ணாத பாவத்த நான் பண்ணணுமா?" என்று அரிவாளைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டான்.

கொழுந்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைத் திட்டினார், அவனைத் திட்டினார், பிறகு உங்களையும் திட்டினார். அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இது உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். இந்த நாற்பத்தொன்றும் பறந்ததும் செடிகளை நானே எடுத்துவிடுகிறேன். இந்த முறை முட்டை இருக்கிறதா என்று பார்க்கமாட்டேன்.

காந்தா


திருப்பருத்திக்குன்றம்
5-10-1968

அம்மா அவர்களுக்கு,

நேற்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மூன்று செடியையும் அடியோடு வெட்டிவிட்டார்கள். வெட்டி, கிணற்றடியில் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மணியம்மாள் பார்த்திருக்கிறார். உங்கள் கொழுந்தனார்தான், தனியாக வந்தாராம்.

வாடிக்கிடந்த இலைகளிலிருந்து கையால் பொறுக்கினேன். இருபத்தாறு கிடைத்தன. மீதிப் பதினைந்தில் சில மிதிபட்டிருந்தன. சில கிடைக்கவே இல்லை.

"அண்ணியே கார்டு போட்டிருக்காங்க, இந்தா பாரு" என்று அவர் மணியம்மாளிடம் ஒரு கார்டைக் காட்டினாராம். மணியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அப்படி நீங்கள் எழுதியிருக்கமாட்டீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சரியாகத்தானே சொன்னேன்?

காந்தா


நாகபுரி
12-10-1968

காந்தா,

தப்பாகச் சொல்லிவிட்டாய். நான்தான் எழுதினேன்.

உனக்கு 23ஆம் தேதி கடிதம் எழுதிய கையோடு, கோபம் அடங்காமல், ஒரு கார்டை எடுத்து ஜினகுமாருக்கும் எழுதினேன். "அவள் சொன்னால் கேட்கமாட்டாள். செய்ய வேண்டியதை நீங்களே செய்துவிடுங்கள்." இவ்வளவுதான். வெட்டு என்று எழுதவில்லை. புழு என்று எழுதவில்லை. உன்னிடம் எழுத மாட்டேன் என்று சொன்ன அந்த ஒரு வரியை, வார்த்தையை மாற்றி அவருக்கு எழுதிவிட்டேன். கார்டு தபாலில் போன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. உன் கடிதத்தில் பதினைந்து என்ற எண்ணைப் படித்தபோதுதான் உறைத்தது.

துரைக்கண்ணு அரிவாளைக் கீழே வைத்தான். அவனுக்கு எந்த நூலும் தெரியாது. நான் ஐம்பத்தெட்டு வருஷம் பட்டு கட்டாமல் இருந்து என்ன கண்டேன்?

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மருமகள் பயந்துபோய் டாக்டரை அழைத்துவந்துவிட்டாள். அவரிடம் என்னவென்று சொல்வது? இந்தியில் எருக்குக்கு என்ன பேர் என்றுகூட எனக்குத் தெரியாது. பித்தம் என்று மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு தேட வேண்டாம். அந்த இருபத்தாறும் எப்படி இருக்கின்றன என்று மட்டும் எழுது. தேள்கொடுக்கு, மணல் என்றெல்லாம் எழுதாமல் அதை மட்டும் எழுது.

மதனவதி


திருப்பருத்திக்குன்றம்
26-10-1968

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அதனால்தான் பதில் தாமதம். நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம், நான் கடைசிவரை நம்பியிருப்பேன். சொல்லிவிட்டீர்கள். அதற்குமேல் கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

இருபத்தாறையும் பின்கட்டு அறையில் என் கொசுவலைக்குள் விட்டேன். எனக்குக் கொசுக்கடி. தினம் பள்ளிவிட்டு வேகவதிக் கரைக்குப் போய் எருக்கிலை ஒடித்துவந்தேன். நாலாவது நாள் மழை பிடித்துக்கொண்டது, போக முடியவில்லை. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கட்டு எருக்கிலை. துரைக்கண்ணு தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். "யாரு குடுத்தாங்கன்னு கேக்கக் கூடாதுன்னு நயினாரு சொல்லி அனுப்பினாரு டீச்சரம்மா" என்றான். அதன்பிறகு தினமும் வந்தது. ஒருநாள் ஓட்டுக்காரனும் வந்தான். அவனையும் யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. சமையலறை இப்போது ஒழுகவில்லை. உங்கள் கொழுந்தனார் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எதிரில் வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போகிறார்.

இருபத்தாறில் இருபத்துமூன்று கூடு கட்டின. இருபத்திரண்டு வெளியே வந்தன. தீபாவளியன்று மட்டும் ஒன்பது. உங்கள் கோயிலில் மகாவீரர் பூஜைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. வலையைத் தூக்கி ஜன்னலைத் திறந்துவிட்டேன். மணியம்மாள் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "போவட்டும் போவட்டும், என் எலுமிச்சப் பக்கம் மட்டும் வராம போவட்டும்" என்றார்.

செடி இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் நடவில்லை. மழைக்கு அடிக்கட்டை மூன்றும் துளிர்த்திருக்கின்றன. நீங்கள் சொன்னால் தோண்டி எடுத்துவிடுகிறேன். இப்போது அதில் எதுவும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். இந்த முறை உங்களுக்குத் தயக்கமே வேண்டாம். தோண்டு என்றால் தோண்டிவிடுவேன். வீடு உங்களுடையது.

காந்தா


நாகபுரி
6-11-1968

காந்தாவுக்கு மதனவதி எழுதுவது.

தோண்ட வேண்டாம். நான் வந்து பார்த்துச் சொல்கிறேன்.

ஆமாம், வருகிறேன். வருகிற 14ஆம் தேதி ஜி.டி. எக்ஸ்பிரஸில் வர்த்தமானன் ஏற்றிவிடுகிறான். சென்னையில் இறங்கி நானே பஸ் பிடித்து வந்துவிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்காதே. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லியாயிற்று. ஜினகுமாருக்கும் எழுதிவிட்டேன். எருக்கு முளைத்த வீட்டில் நானே இருந்துகொள்கிறேன், மாட்டை வேறெங்காவது கட்டுங்கள் என்று எழுதினேன். இலை அனுப்பியதற்கு நன்றி என்றும் எழுதினேன். அதைப் படித்து அவர் எரிச்சல்படுவார், படட்டும்.

முன்கட்டு எனக்கு. பின்கட்டு உனக்கு. அடுப்பு வேறு வேறு. நான் விளக்கு வைப்பதற்கு முன் சாப்பிட்டுவிடுவேன். அதற்குப் பிறகு எண்ணெய் காய்ச்சி வாசனை கிளப்பி என்னைச் சோதிக்கக் கூடாது. மணியம்மாளுக்கு ஓர் எலுமிச்சைக் கன்று வாங்கி வை, நான் வந்து கொடுக்கிறேன்.

இன்னொன்று. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்த பிறகு தெரிவதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது. புழு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு. கொல்லமாட்டேன், அவ்வளவுதான், பார்த்தால் உடம்பெல்லாம் கூசும். ஒரு தடவை அவரைக்காய்க்குள் ஒன்றைப் பார்த்து முறத்தோடு வீசியெறிந்திருக்கிறேன். பூச்சியானால் கூப்பிடு, வந்து பார்க்கிறேன். ஜிமிக்கி மாதிரி தொங்குகிறது என்றாயே, அதையும் பார்க்கிறேன். நடுவில் இருக்கிற அந்தப் பதினைந்து நாள் என்னைத் தொந்தரவு செய்யாதே. இலையைத் திருப்பித் திருப்பிக் காட்டாதே. கிணற்றுக்குப் போக எனக்கு ஒரு வழி விட்டுவிட்டு மற்ற இடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்.

நேற்று ராத்திரி டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். வர்த்தமானன் வந்து நின்று, "அங்க போய்த் தனியா இன்னாம்மா செய்வே?" என்றான்.

"தனியா எங்கடா? ஒரு டீச்சர் இருக்கா. ஒரு பேச்சு கேக்கமாட்டா. அவளோட சண்ட போடவே எனக்குப் பொழுது பத்தாது" என்றேன்.

மதனவதி